டி கலர் வைரத்துக்காகக் கடன் வாங்கலாமா?

வாசகர் கடிதம், சுருக்கமாக:

29 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். பெண்ணுக்குத் தெரியாமல் வைர மோதிரம் வாங்கி வைத்துவிட வேண்டும் என்று ஆசை. கடையில் இரண்டு கற்களை இவருக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் வட்டக் கல், இரண்டும் 0.90 காரட் எடை, கிளாரிட்டியும் (உள்ளே குறைகள் எவ்வளவு என்ற கணக்கு) ஒன்றுதான். முதல் கல் டி கலர் (நிறமற்ற கற்களில் மேல் படி), கட் (பட்டை தீட்டிய நேர்த்தி) 'குட்'. இரண்டாவது எச் கலர் (நான்கு படி கீழே), கட் 'எக்சலென்ட்', நடுத்தர நீல ஒளிர்வு (புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும் குணம்). டி கல்லை வாங்க கையில் இருக்கும் பணம் போதாது, தனிநபர் கடன் எடுக்க வேண்டும்.

கடைக்காரர் இரண்டையும் வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்துக் காட்டியபோது எச் கல்லில் மஞ்சள் தெரிந்ததாம். "எச் என்றால் செகண்ட் குவாலிட்டி, போகப் போக இன்னும் மஞ்சளாகும்" என்று நண்பர் பயமுறுத்தியிருக்கிறார். "ஒளிர்வு இருந்தால் அது அசல் கல்லே இல்லை" என்று அக்கா வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். இதற்கு நடுவில், ஆய்வகத்தில் வளர்த்த வைரம் ஒன்றை மிகக் குறைந்த விலைக்குத் தருவதாகக் கடையில் ஒரு பேச்சு. மோதிரம் மஞ்சள் தங்கத்தில்தான், அந்தப் பெண் வேறு உலோகம் அணிவதில்லை. கடிதத்தின் கடைசி வரி இது: "அவள் துணிச் சாய ஆய்வகத்தில் ஷேடு பொருத்தம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். கண் ரொம்பக் கூர்மை. அதுதான் என் பயம்."

தம்பிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். கடன் வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு கற்களில் நான் எச் கல்லைத்தான் எடுப்பேன். டி கல் கெட்ட கல் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த எழுத்துக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம், மஞ்சள் தங்க மோதிரத்தில் உட்கார்ந்த பிறகு கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காகப் போகிறது. கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை, அதாவது கட் தரத்தை, அதற்காக விட்டுக்கொடுக்கவும் போகிறீர்கள்.

கடையில் நீங்கள் பார்த்த மஞ்சள் பொய்யில்லை. அது எங்கிருந்து வருகிறது, எப்போது தெரியும், எப்போது தெரியாது என்பது புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

எழுத்து எப்படிப் போடப்படுகிறது

டி முதல் இசட் வரையிலான அளவுகோல் 1950களில் அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. கொண்டுவந்தது. அதற்கு முன் ஆளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ என்று இஷ்டத்துக்குப் போட்டுக்கொண்டார்கள். அந்தக் குழப்பத்தின் சாயலே வேண்டாம் என்றுதான் டி-யில் தொடங்கினார்கள். (ஏ, பி, சி கற்கள் எங்கேயோ பெரிய இடத்துக்குப் போய்விடுகின்றன என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) டி, ஈ, எஃப் மூன்றும் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரை கிட்டத்தட்ட நிறமற்றவை. கே முதல் எம் வரை லேசான நிறம். அதற்குக் கீழே போகப் போக நிறம் கூடும். இசட்டையும் தாண்டி அடர்ந்துவிட்டால் அது மஞ்சள் வைரம் என்ற தனிக் கணக்குக்குப் போய்விடும், அங்கே அடர்த்தி கூடக் கூட விலையும் ஏறும்.

தரம் பார்க்கும் ஆய்வகத்தில் கல்லை மோதிரத்தில் வைத்துப் பார்ப்பதில்லை, ஜி.ஐ.ஏ. பதித்த கல்லுக்குக் கிரேடு போடுவதே இல்லை. தனிக் கல்லைச் சாயல் இல்லாத பின்னணியில், கட்டுப்படுத்திய வெளிச்சத்தில் கவிழ்த்து வைத்து, பக்கவாட்டிலிருந்து அதன் அடிப்பகுதி வழியாகப் பார்க்கிறார்கள். பக்கத்தில் நிறம் ஏற்கெனவே தெரிந்த மாதிரிக் கற்களை வைத்து ஒப்பிடுகிறார்கள். ஒருவருக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியே பார்த்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள்.

ஏன் கவிழ்க்கிறார்கள்? நிமிர்ந்து இருக்கும் நல்ல கல் ஒளியை அவ்வளவு வேகமாகத் திருப்பி வீசும். அந்த மினுக்கலில் உடல் நிறம் மறைந்துவிடும். கிரேடு போடுகிறவருக்கு அந்த மினுக்கல் இடைஞ்சல், அதனால் கவிழ்க்கிறார். மோதிரம் போடுகிறவருக்கோ அந்த மினுக்கலுக்காகத்தான் கல்லே. உங்கள் கடைக்காரர் செய்தது தவறான சோதனை இல்லை. ஆனால் அந்தக் கோலத்தில் உங்கள் மோதிரத்தை உலகத்தில் ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

இன்னொன்று. ஒவ்வொரு எழுத்தும் ஒரு புள்ளி இல்லை, ஒரு பட்டை. ஜி-யின் கீழ் ஓரத்தில் இருக்கும் கல்லும் எச்-இன் மேல் ஓரத்தில் இருக்கும் கல்லும் நிறத்தில் அண்டை வீட்டுக்காரர்கள். ஆனால் விலைப்பட்டியல் எழுத்தைத்தான் பார்க்கும். ஆகவே ஒரு எழுத்து வித்தியாசத்துக்காக மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் விஷயத்தில் இடைவெளி நான்கு எழுத்து, அது கவிழ்த்துப் பார்த்தால் தெரியத்தான் செய்யும்.

'செகண்ட் குவாலிட்டி' என்ற பேச்சு

வைரம் கார்பன். பெரும்பாலான இயற்கை வைரங்களில் சில கார்பன் அணுக்களின் இடத்தில் நைட்ரஜன் அணுக்கள் உட்கார்ந்திருக்கும். பூமிக்கு அடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே, கோடிக்கணக்கான ஆண்டுகள் இருந்ததில் அந்த நைட்ரஜன் கூட்டுக் கூட்டாகச் சேர்ந்து, நீல ஒளியைக் கொஞ்சம் விழுங்கிவிடுகிறது. மிச்சம் வருவது மஞ்சள் சாயல். எச் கல்லில் இருப்பது இதுதான். கலப்படமோ அரைகுறைத் தயாரிப்போ இல்லை, உறுதியிலும் குறைவில்லை. நிறமும் கிளாரிட்டியும் வேறு வேறு கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். டி கலர் கல்லுக்குள் கண்ணுக்கே தெரிகிற புள்ளி இருக்கலாம், கே கலர் கல் உள்ளே ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம்.

டி அரிது என்பது உண்மை, அதனால்தான் விலை. அரிதான ஒன்றைக் கொடுத்தேன் என்ற திருப்திக்காக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை, கையில் பணம் இருந்தால். விற்கப் போகும்போது அந்தப் பணம் திரும்பும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். கடையில் கொடுத்த விலையை மறுவிற்பனையில் பார்ப்பது அபூர்வம். கடனுக்கு வட்டி கட்டி வாங்கிய கல் என்றால் இன்னும் மோசம்.

போகப் போக மஞ்சளாகுமா?

ஆகாது. நைட்ரஜன் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்து போகாது, புதிதாக வந்து சேரவும் செய்யாது. இன்று எச் என்றால் உங்கள் பேரப்பிள்ளை போடும்போதும் எச்.

ஆனால் நண்பர் இதை எங்கேயாவது பார்த்திருப்பார், ஏனென்றால் இப்படி ஒரு தோற்றம் வருவது உண்டு. வைரத்துக்கு எண்ணெய் என்றால் உயிர். தண்ணீரை ஒட்டவிடாது, பிசுக்கைப் பிடித்துக்கொள்ளும். சுரங்கங்களில் கிரீஸ் தடவிய பலகை மேல் நனைந்த சரளையை ஓடவிட்டு, ஒட்டிக்கொள்ளும் வைரங்களைப் பிரித்ததே இந்தக் குணத்தை வைத்துத்தான். விரலில் இருக்கும்போது சோப்பு, முகக் கிரீம், தலைக்கு வைத்த எண்ணெய் எல்லாம் கல்லின் அடியில் போய் உட்காரும். ஒளி திரும்பாது, கல் மங்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, மிருதுவான பல்துலக்கும் பிரஷ்ஷால் அடிப்பக்கத்தைத் தேய்த்தால் போய்விடும். தண்ணீர்க் குழாய்க்கு நேர் கீழே மட்டும் கழுவாதீர்கள், வடிகால் ஓட்டைக்குள் போன மோதிரக் கதை ஏராளம்.

இரண்டாவது காரணம் வெள்ளைத் தங்கம். அதன் மேல் ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தின் முலாம் இருக்கும். அது தேய்ந்தால் உள்ளே இருக்கும் லேசான மஞ்சள் எட்டிப் பார்க்கும், பழி கல்லின் மேல் விழும். உங்களுடையது மஞ்சள் தங்கம் என்பதால் இந்தக் கவலை இல்லை.

உலோகம், வடிவம், பக்கத்துக் கற்கள்

கலர் எழுத்தைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது என்று நான் சொல்வது இதற்காகத்தான். முதலில் உலோகம், அடுத்து வடிவம், கடைசியில்தான் எழுத்து.

மஞ்சள் தங்கத்தில் பதித்த கல், உலோகத்தின் நிறத்தையும் அடியிலிருந்து வாங்கி வீசும். டி கல்லும் அப்படித்தான். அதன் பனிக்கட்டி வெண்மை அங்கே பாதி தொலைந்துவிடும். எச் கல்லோ பக்கத்தில் இருக்கும் தங்கத்தோடு ஒப்பிட வெள்ளையாகத்தான் நிற்கும். வட்டக் கல்லை மஞ்சள் தங்கத்தில் பதிப்பதென்றால் எச், 'ஐ', ஜே மூன்றும் தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. பிளாட்டினமோ வெள்ளைத் தங்கமோ என்றால் ஜி அல்லது எச். ரோஸ் தங்கத்துக்கு மஞ்சள் தங்கத்தின் கணக்கே.

வடிவமும் கணக்கில் வரும். வட்ட பிரில்லியன்ட்டின் 57 பட்டைகள் நிறத்தை நன்றாக மறைக்கும். படிப்படியான நீளப் பட்டைகள் கொண்ட எமரால்டு கட், ஆஷர் கட் இரண்டும் ஜன்னல் மாதிரித் திறந்திருக்கும், உள்ளே இருப்பது அப்படியே தெரியும். நீள்வட்டம், பேரிக்காய் வடிவக் கற்களில் முனைகளில் நிறம் தேங்கும். உங்கள் வருங்கால மனைவி பிறகு வேறு வடிவம் கேட்டால் ஒன்றிரண்டு எழுத்து மேலே போகலாம். கல் பெரிதாகப் பெரிதாக நிறமும் கூடுதலாகத் தெரியும், ஆனால் 0.90 காரட் வட்டக் கல் சுமார் 6.2 மில்லிமீட்டர் குறுக்களவுதான், அந்த அளவில் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை.

நடுக்கல்லைச் சுற்றிப் பொடிக் கற்கள் வைக்கும் டிசைனா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் அந்தப் பொடிக் கற்களின் கலர் என்ன என்று கேளுங்கள். நடுவில் எச் வைத்துச் சுற்றி ஈ, எஃப் வைத்தால், கடையில் நீங்கள் பார்த்த அதே ஒப்பீட்டை நிரந்தரமாக மோதிரத்திலேயே செய்து வைத்தது போலாகிவிடும். சுற்றுக் கற்களும் ஜி, எச் அளவில் இருக்கட்டும். கல்லைப் பிடிக்கும் கொக்கிகளை வெள்ளை உலோகத்தில் செய்யச் சொல்பவர்கள் உண்டு, உங்கள் கல்லுக்கு அது தேவையில்லை.

கட்தான் நான் விட்டுக்கொடுக்காத இடம். சரியான கோணத்தில் பட்டை தீட்டிய கல், மேலே விழும் ஒளியை உள்ளே இரண்டு முறை திருப்பி மறுபடி மேலேயே அனுப்பும். கோணம் பிசகினால் ஒளி அடிவழியே கசிந்துவிடும், நடுவில் இருட்டு தட்டும். 'குட்' என்ற வார்த்தையைப் பார்த்து நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எக்சலென்ட், வெரி குட், குட், ஃபேர், புவர் என்ற ஐந்து படிகளில் அது மூன்றாவது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு டி-யா எச்-சா என்று தெரியாது, கல் மின்னுகிறதா தூங்குகிறதா என்பது தெரியும்.

ஒளிர்வு இருந்தால் அசல் இல்லையா?

அக்கா வீட்டுக்காரரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஜி.ஐ.ஏ.வுக்கு வரும் வைரங்களில் 25 முதல் 35 சதவீதம் புற ஊதாக் கதிரில் ஏதோ ஒரு அளவுக்கு ஒளிர்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை நீலமாக. அந்த நீலத்துக்கும் காரணம் நைட்ரஜன் கூட்டம்தான். அசலா போலியா என்பதை ஒளிர்வை வைத்து யாரும் தீர்மானிப்பதில்லை.

உங்கள் கல்லுக்கு அது கொஞ்சம் சாதகம்கூட. வெளியில், பகல் வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிர் அந்த நீலத்தைத் தூண்டும், நீலம் மஞ்சளைச் சமன் செய்யும், கல் ஒரு படி வெள்ளையாகத் தெரியலாம். வீட்டு எல்.இ.டி. விளக்கில் புற ஊதா இல்லாததால் அங்கே இந்த உதவி கிடைக்காது. கவனிக்க வேண்டியது மிக வலுவான ஒளிர்வுள்ள கற்களை. அவற்றில் வெகு சில, வெயிலில் பால் கலந்தது போல மங்கும். நடுத்தர ஒளிர்வில் அந்தப் பயம் அனேகமாக இல்லை என்றாலும், வாங்குமுன் வெயிலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அவர் கண்

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது அதுதான். சாதாரணக் கண்ணுக்கு எச் மஞ்சளாகத் தெரியாது என்று நான் தைரியமாகச் சொல்வேன். ஷேடு பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் கண் சாதாரணக் கண் இல்லை. ஜி-க்கும் 'ஐ'-க்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிபவர்கள் இருக்கிறார்கள், அவர் அதில் ஒருவராக இருக்கலாம்.

ஆனால் இதையே திருப்பிப் பாருங்கள். ஒரே துணி கடை விளக்கில் ஒரு நிறம், வெயிலில் வேறு நிறம் என்பது அவருக்கு அன்றாடம். மாதிரியைப் பக்கத்தில் வைத்து, குறிப்பிட்ட விளக்கின் கீழ் பார்த்தால்தான் ஷேடு தீர்ப்பு சொல்ல முடியும் என்று அவருக்குத் தெரியும். வைரத்துக்குக் கலர் போடுவது கிட்டத்தட்ட அவர் செய்யும் வேலைதான். உங்களுக்கு நான் இவ்வளவு பக்கம் எழுதி விளக்குவதை அவர் இரண்டு நிமிஷத்தில் பிடித்துக்கொள்வார்.

அதனால் என் யோசனை, ஆச்சரியத்தை மோதிரத்தின் டிசைனுக்கோ கொடுக்கும் தருணத்துக்கோ வைத்துக்கொள்ளுங்கள். கல்லைத் தேர்ந்தெடுக்க அவரையே அழைத்துப் போங்கள். வாழ்நாள் முழுக்க அதைப் பார்க்கப்போவது அவர் கண். எச் கல் மஞ்சள் தங்கத்தில் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் எஃப், ஜி பக்கம் போகலாம், காரட்டைக் கொஞ்சம் குறைத்து அதே பணத்துக்குள் முடிக்கலாம். இல்லை, ரகசியமாகத்தான் வாங்குவேன் என்றால், பார்த்துப் பிடிக்காவிட்டால் கல்லை மாற்றித் தருவோம் என்று கடையில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்க்கும் விதம்: கடையின் ஸ்பாட் விளக்குகளில் எல்லாக் கல்லும் துள்ளும். ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடத்தில் பாருங்கள். ஒரு மஞ்சள் தங்க மோதிரக் கூட்டைக் கேட்டு வாங்கி, கல்லை அதில் நிமிர்த்தி வைத்து, கை நீட்டும் தூரத்தில் பிடியுங்கள். உடல் நிறத்தைப் பார்க்க ஆசையானால் கல் மேல் வாயால் ஊதுங்கள். ஒரு கணம் ஆவி படர்ந்து மினுக்கல் அடங்கும், அந்த இடைவெளியில் நிறம் தெரியும். எச் கல்லைத் தனியாகப் பாருங்கள், பக்கத்தில் டி வேண்டாம். மோதிரத்தில் அது தனியாகத்தானே இருக்கப்போகிறது.

ஆய்வகத்தில் வளர்த்த கல்

அதுவும் வைரம்தான், வேதியியலில் வித்தியாசம் இல்லை. டி, ஈ, எஃப் அங்கே சர்வ சாதாரணம். அதனால்தான் 2025 அக்டோபரிலிருந்து ஜி.ஐ.ஏ. அவற்றுக்கு எழுத்துக் கிரேடு போடுவதை நிறுத்திவிட்டு, தகுதி பெற்றவற்றை பிரீமியம், ஸ்டாண்டர்டு என்று இரண்டாக மட்டும் பிரிக்கிறது. வேறு ஆய்வகங்களின் சான்றிதழோடு வந்தால் எழுத்து இருக்கும். வெள்ளைக் கல் வேண்டும், பணம் குறைவு என்றால் அது நியாயமான வழி. மறுவிற்பனை மதிப்பு இயற்கைக் கல்லையும்விடக் குறைவு. இயற்கையானது என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று மட்டும் விடாதீர்கள், வாங்கினால் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்

எச் என்று சொன்னது யார் என்று பாருங்கள். கடை தன் கையால் எழுதிய சீட்டு செல்லாது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் கண்டிப்பு மாறும், தளர்வான இடத்தில் எச் வாங்கிய கல் கண்டிப்பான இடத்தில் ஜே ஆகலாம். இரண்டு கற்களுக்கும் ஒரே ஆய்வகத்தின் சான்றிதழ் இருந்தால்தான் ஒப்பீடே செல்லும். சான்றிதழ் எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டுச் சரிபாருங்கள். கலர் வரியில் எழுத்தோடு பழுப்பு என்று ஏதாவது வார்த்தை சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எழுத்து நிறத்தின் அடர்த்தியைத்தான் சொல்லும், அது மஞ்சளா பழுப்பா என்று சொல்லாது. எச் அளவில் சான்றிதழ் அதைத் தனியாகக் குறிக்காமலும் இருக்கலாம், ஆகவே உங்கள் கண்ணும் வேண்டும். லேசான பழுப்புக் கற்கள் விலை குறைவு, உங்களிடம் அந்தக் குறைவு தராமல் விற்றுவிடக் கூடாது.

பில்லில் சான்றிதழ் எண், காரட், கலர், கிளாரிட்டி, கட், இயற்கையா ஆய்வகமா என்ற ஐந்தாறு விவரமும் எழுதியிருக்க வேண்டும். 'வைர மோதிரம் ஒன்று' என்று மட்டும் போட்டால் நாளைக்குப் புகார் சொல்ல உங்கள் கையில் ஒன்றுமில்லை. எத்தனை நாளில் திருப்பலாம், பதித்த பிறகும் திருப்பலாமா, பதிக்கும்போது கல் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

பல கற்களின் விளிம்பில் சான்றிதழ் எண்ணை லேசரால் பொறித்திருப்பார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் தெரியும். பதிக்கக் கொடுப்பதற்கு முன் அதைப் பார்த்து, கொக்கி அதன் மேல் விழாமல் பதிக்கச் சொல்லுங்கள். மோதிரம் கைக்கு வந்ததும் அதே லென்ஸை வாங்கி அதே எண் இருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.